பந்திக் கதவு

தக்கலை
8 ஜூன் 2025

அண்ணனுக்கு,

கடிதத்தின் தலையில் எழுதுகிற வாழ்த்து வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். கோபத்தோடு எழுதும்போது ஆண்டவரை நடுவில் இழுக்கக் கூடாது. பதினோரு மாதம் ஆகியும் கோபம் போகவில்லை. நம் மண்டபத்துக் கல்யாணம் ஒன்றில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து, சோதனை என்று சொல்லித் தீ அபாய மணியை அடித்தவர் நீங்கள். பெண்வீட்டார் அபசகுனம் என்று அழுதார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினார். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "நாலு நிமிஷமாச்சு, ஒருத்தரும் எழும்பல்ல, பாத்தியா?" என்று என்னிடமே கேட்டீர்கள். இனி மண்டபத்தில் கால் வைக்கக் கூடாது என்று நான் அன்றைக்குச் சொன்னது சொன்னதுதான்.

போனில் பேசினால் என்னை முழுதாகப் பேச விடமாட்டீர்கள். அதனால்தான் காகிதம். தேங்காய்ப்பட்டணம் முத்துநாயகம் லீவு முடிந்து தோஹா வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். போன வாரம் மண்டபக்காரர்கள், லாட்ஜ்காரர்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம், ஓட்டல் என்று வெடிகுண்டு மிரட்டல் மெயில் வராத ஊர் இல்லை. இதுவரை வந்தது எல்லாம் பொய். ஆனாலும் என்றைக்காவது ஒருநாள் உண்மையானால் யார் என்ன செய்வது, ஆட்களை எந்த வழியாக வெளியேற்றுவது என்று ஒவ்வொரு கட்டடக்காரரும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கடைத்தெருவில் ஒரு நகல் கடையில் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் ஒரே திட்டத்தை அடித்துக் கொடுக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கினேன். அதன்படி நம் மண்டபத்துக்கு லிஃப்டும் மூன்றாம் மாடியும் இருக்கின்றன.

சிரித்துவிட்டுத்தான் படித்தேன். படித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மணியடித்து எழுப்ப முடியாத ஆட்களை நான் எப்படி வெளியே கொண்டுபோவேன்? நீங்கள் பத்தொன்பது வருஷமாக அங்கே கடை வளாகத்தில் இதே பாதுகாப்பு வேலைதானே பார்க்கிறீர்கள். சொல்லித் தாருங்கள். வரைபடம் இதோடு இருக்கிறது.

பிளஸ்ஸி

ஏத்தங்காய் சிப்ஸ் அண்ணிக்கு. உங்களுக்கு இல்லை.

*

தோஹா
20 ஜூன் 2025

அன்பு பிளஸ்ஸி,

கர்த்தர் உன்னைக் காப்பார். எண்ணூறு பேரை நீதான் காக்க வேண்டும். அதனால் கவனமாகப் படி.

மணியடித்ததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். தாலி கட்டுகிற நேரம் என்பது மட்டும் எனக்குத் தெரியாது, கெட்டிமேளம் வாசித்த பிறகுதான் புரிந்தது. அதற்கு வேண்டுமானால் கேட்கிறேன்.

ஒன்று. மைக்கில் 'குண்டு' என்ற சொல் வரவே கூடாது. அந்தச் சொல் குண்டைவிட வேகமாக ஆளைக் கொல்லும். எங்கள் வளாகத்தில் இல்லாத ஒரு ஆளின் பெயரைச் சொல்லி, அலுவலகத்துக்கு வரவும் என்று அறிவிப்போம். அது ஊழியர்களுக்கு மட்டும் புரியும். உனக்கு அது போதாது. கூட்டமும் தானாக எழும்பி நடக்கிற மாதிரி ஒரு வரி வேண்டும். நம் ஊருக்கு எது சரிப்படும் என்று நீயே யோசி.

இரண்டு. முன்வாசலில் வண்டிகள் நிற்கின்றன. வெடிப்பது பெரும்பாலும் வண்டியில்தான் வரும். ஆகவே கூட்டத்தை முன்னால் விடாதே. பந்தி மண்டபம் வழியாகப் பின்னால் தென்னந்தோப்புக்கு அனுப்பு.

நடக்க மாட்டாதவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பது நம் ஊர் வழக்கம். அதை மாற்று. பந்திக் கதவுக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்று நாலு வரிசை போடு. முதலில் வெளியேற வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பொறுப்பு, அது சட்டையில் அட்டையாகத் தொங்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது எந்த வாசலிலும் பூட்டோ கொண்டியோ கூடாது. வருஷத்துக்கு இரண்டு ஒத்திகை. (நீ கண்ணை உருட்டுவது இங்கே தெரிகிறது.)

ஒரு கேள்விக்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது. வரைபடத்தில் வாசல் இருக்கிறது, கதவு வரையவில்லை. பந்திக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? பந்தி மண்டபத்துக்குள்ளா, கல்யாண மண்டபத்துக்குள்ளா?

எட்சன்

சிப்ஸில் பாதி நான்தான் தின்றேன்.

*

தக்கலை
2 ஜூலை 2025

அண்ணா,

வரி கிடைத்துவிட்டது!

நம் ஆட்களை எது எழுப்பும் என்று இரண்டு கல்யாணத்தை நின்று கவனித்தேன். முகூர்த்தம் முடிந்து போட்டோ எடுக்கிறபோது யாரும் அசைவதில்லை. மின்சாரம் போனாலும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் மைக் பார்க்கிற எபிசன் அதைத் தட்டி, "அடுத்த பந்திக்கு உள்ளவங்க வரலாம்" என்று சொன்ன நிமிஷத்தில் பக்கவாதம் வந்தவர்கூட எழும்பிவிடுகிறார். ஒருவரும் அழவில்லை, அலறவில்லை, பையைத் தேடவில்லை. எல்லோரும் நேரே பந்திக் கதவுக்குத்தான் போகிறார்கள். நீங்கள் சொன்ன வழியும் அதுதானே.

ஆகவே மிரட்டல் வந்தால் எபிசன் மைக்கில், "பந்தி ரெடி, எல்லாரும் பின்பக்கமா வாங்க, எல்லாரும் வாங்க" என்று சொல்வான். சாதாரண நாளில் எல்லாரும் என்று சொல்லமாட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டால் ஊழியர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். பந்திக் கதவில் நிற்கிற கிருஷ்ணமணி அதைத் திறந்து ஆட்களைத் தோப்புக்கு விடுவார்.

நேற்று வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தோம். கதவைத் திறந்து வைத்து, ஊழியர்கள் பதினாலு பேரும் நடந்தோம். ஒன்றரை நிமிஷம். பரிமாறுகிற சகாயசெல்வி தோப்புக்குப் போய், "இலை எங்க?" என்று கேட்டாள்.

கொண்டியை மட்டும் எடுக்க முடியாது. உங்களுக்கே தெரியும், ஒரு பந்தி சாப்பிட்டு எழும்பி, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்த இலை போடுகிற வரைக்கும் கதவு சாத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் அடுத்தவன் வந்து நிற்பான். இருபத்திரண்டு வருஷமாகக் கொண்டியில் கைவைத்து நிற்பவர் கிருஷ்ணமணி. கதவில் கூட்டம் சாய்ந்தால் அவரும் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொள்வார். நம் கதவைத் தள்ளி ஜெயித்தவர் இந்தத் தாலுகாவில் கிடையாது.

அட்டைகளும் அடித்தாயிற்று. அவருடையதில் 'வாசல் பொறுப்பு' என்று இருக்கிறது. காலையில் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் இங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒத்திகையின்போது நினைத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிளஸ்ஸி

*

தோஹா
13 ஜூலை 2025

மக்கா,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். பந்தி அறிவிப்பைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. சிரித்த பிறகு யோசித்தேன். இதைவிடச் சரியான வரியை எங்கள் வளாகத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை வருஷம் படித்த நான் மணியடித்தேன். நீ ஆட்களைக் கவனித்தாய். வித்தியாசம் அதுதான்.

கொண்டி இருக்கட்டும். கூடாது என்று எழுதியது நான்தான். ஆனால் வாசலில் ஒரு ஆளும் ஒரு கட்டுப்பாடும் இல்லாவிட்டால் நெரிசல் வரும். கிருஷ்ணமணி போல ஒருவர் நிற்கும்போது பயமில்லை. திட்டத்தில் கொண்டியைப் பற்றி எழுத வேண்டாம், வீணாகக் கேள்வி கேட்பார்கள். என் பெயரையும் போடாதே. கம்பெனி அனுமதியில்லாமல் வெளியே ஆலோசனை சொன்னதாக ஆகிவிடும்.

டிசம்பரில் லீவு. மண்டபத்தில் கால் வைக்கலாமா?

எட்சன்

*

தக்கலை
9 செப்டம்பர் 2025

அண்ணா,

என் போனை விசாரணைக்கு வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் பக்கத்து வீட்டு எண்ணுக்கு மூன்று தடவை கூப்பிட்டதாகச் சொன்னார்கள். அவர்கள் கூடத்தில் நின்று இதையெல்லாம் பேச எனக்கு முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, ஞாயிறு. நல்ல முகூர்த்தம், எண்ணூறுக்கும் மேல் கூட்டம். பதினொன்றே முக்காலுக்கு மெயில் வந்தது. ஆறு மண்டபங்களின் பெயர், அதில் நம்முடையதும் ஒன்று. பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும் என்று இருந்தது. எபிசன் போனைக் கொண்டுவந்து காட்டினான். நான் பதறவில்லை. நமக்குத் திட்டம் இருக்கிறது என்று நினைத்தேன். ஸ்டேஷனுக்குச் சொன்னேன். மைக்கில் சொல்லச் சொன்னேன்.

அவன் சரியாகத்தான் சொன்னான். எல்லாரும் வாங்க, எல்லாரும் வாங்க என்று இரண்டு தடவை சொன்னான். எல்லோரும் எழும்பினார்கள்.

உள்ளே முதல் பந்தி பாதியில் இருந்தது. இருநூற்றைம்பது பேரின் பேச்சும் வாளிச் சத்தமும். கிருஷ்ணமணியின் காதில் 'பந்தி' என்ற ஒரு சொல்தான் விழுந்திருக்கிறது. எபிசன் அவசரப்பட்டு அறிவித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். எப்போதும் செய்கிறதைத்தான் செய்தார். கொண்டியைப் போட்டு முதுகைக் கொடுத்தார்.

கல்யாண மண்டபத்தில் முன்வரிசை கதவில் போய் நின்றது. பின்வரிசை நிற்கவில்லை. அதற்குள் யாரோ ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அந்த மெயில் வந்துவிட்டது. நீங்கள் வரவே கூடாது என்று சொன்ன சொல் மண்டபத்தின் நடுவிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான்தான் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மணப்பெண்ணின் பெரியம்மை நாகம்மை, முட்டு வலிக்காரி. "இங்க இருந்தா சீக்கிரம் சாப்பிடலாம்லா மக்கா" என்று என் கன்னத்தைத் தடவினாள். அடுத்த நாற்காலியில் ஜெபசீலன் சார். உங்களுக்கு ஏழாம் வகுப்பில் படம் வரையச் சொல்லித் தந்தவர். இரண்டு பேரும் கதவடியிலேயே போய்விட்டார்கள். ஒன்பது பேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

நிபுணர்கள் வந்து மண்டபம் முழுக்கத் தேடினார்கள். மோப்ப நாய் பாயச அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டது. குண்டு இல்லை. ஆறு மண்டபத்திலும் இல்லை.

கொண்டியைப் போட்டது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கிருஷ்ணமணி என்று சொன்னேன். அவர் சட்டையில் அட்டையும் இருந்தது. ஏன் போட்டார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று மாலையே கைது செய்தார்கள்.

பிளஸ்ஸி

*

தோஹா
18 செப்டம்பர் 2025

பிளஸ்ஸி,

ஜெபசீலன் சார் என் கையைப் பிடித்து யானை வரைய வைத்தது ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது.

ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜூலையில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. கொண்டி இருக்கட்டும் என்று எழுதியது, உன் வரியைப் பாராட்டியது, எல்லாம் அதில் இருக்கிறது. அதை எரித்துவிடு. ஜூன் கடிதத்தையும் சேர்த்து எரித்துவிடு. இங்கே பாதுகாப்புத் தலைமைப் பதவிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், இன்னும் அறிவிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த திட்டத்தில் இரண்டு பேர் செத்தார்கள் என்று தெரிந்தால் பதவி இருக்கட்டும், விசாவே நிற்காது. பிள்ளைகளின் படிப்பு இங்கே பாதியில் இருக்கிறது.

கிருஷ்ணமணிக்கு நல்ல வக்கீலாகப் பார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று கோர்ட்டுக்குப் புரியும். ஒரு வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்.

இதையும் வாசித்தவுடன் எரித்துவிடு.

எட்சன்

*

தக்கலை
27 செப்டம்பர் 2025

அண்ணா,

எரிக்கவில்லை. அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன், அது உண்மை.

அப்போதுதான் கிருஷ்ணமணியின் மனைவி சுனிதா வந்தாள். கையில் மண்டபத்துச் சட்டை, துவைத்துத் தேய்த்து மடித்தது. மேலே அந்த அட்டை. "இது மண்டபத்துக்கு உள்ளது அக்கா, வீட்டுல வச்சா பிள்ளைங்க அதப் பாத்து அழுது" என்று நீட்டினாள். ஜெயிலில் போய் அவரைப் பார்த்தாளாம். "சத்தம் கேட்டதும் கொண்டிய எடுத்திட்டேன்னுதான் சொல்லுகாரு. எடுத்தா கதவு தொறக்கணும்லா அக்கா? ஒருத்தரும் நம்பமாட்டங்கா. நீங்களாவது நம்புதியளா?" என்று கேட்டாள்.

சட்டையை வாங்கிக்கொண்டேன். கதவைத் திறக்காமல் ஆளைக் கொன்றவன் பெண்டாட்டி என்று தெருக்குழாயில் அவளுக்குத் தண்ணீர் பிடிக்க விடுவதில்லையாம். அதை அழாமல் சொன்னாள். நான்தான் அழுதேன்.

ஒரு வருஷத்தில் வெளியே வந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருஷம் என்பது உங்களுக்கு ஒரு லீவுக்கும் அடுத்த லீவுக்கும் நடுவில் உள்ள காலம். உங்கள்மேல் எனக்கு இப்போது வருகிற கோபம், மணியடித்ததற்கு வந்தது மாதிரி இல்லை.

அக்டோபர் பதின்மூன்றாம் தேதி விசாரணை அதிகாரியிடம் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கடிதங்களைக் கொடுக்கப் போகிறேன். ஆனால் என்னிடம் இருப்பது உங்கள் கடிதங்கள் மட்டும். அவற்றை மட்டும் கொடுத்தால் எல்லாப் பழியும் உங்கள் தலையில் விழும். பந்தி வரியைக் கண்டுபிடித்தவள் நான். கொண்டியை எடுக்க முடியாது என்றவள் நான். என் கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. அனுப்பிவையுங்கள். அனுப்பாவிட்டாலும் உங்களுடையதைக் கொடுப்பேன்.

பிளஸ்ஸி

*

தோஹா
4 அக்டோபர் 2025

பிளஸ்ஸி,

முத்துநாயகம் அவசரமாக ஊருக்கு வருகிறார். உன் கடிதங்கள் நாலும் இந்த உறைக்குள் இருக்கின்றன. எரிக்கச் சொன்னேனே ஒழிய, உன்னுடையதை எரிக்க எனக்கும் கை வரவில்லை. அன்றைக்கு எழுதியதை நினைத்தால் கூசுகிறது. நேற்று மேலதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். முழுதாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போ, கூப்பிடுகிறோம் என்றார். கூப்பிடமாட்டார்கள் என்று அண்ணிக்கும் தெரிகிறது. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. இது என் தொழில், அதனால் கேட்கிறேன். கிருஷ்ணமணி கொண்டியை எடுத்திருந்தால் கதவு தானாகவே திறந்திருக்க வேண்டும். முந்நூறு பேராவது தள்ளியிருப்பார்கள். அந்தத் தள்ளலுக்குக் கதவு பந்திப் பக்கம் போய்ச் சுவரில் அடித்திருக்கும். அவர் முதுகு எம்மாத்திரம்? அப்படியானால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிறது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்காக உன் கடிதங்களைத் திரும்ப வாசித்தேன். ஜூனில் ஒரு கேள்வி கேட்டு, மறக்காமல் பதில் எழுது என்றும் எழுதியிருந்தேன். நீ எழுதவில்லை. பந்தி வரியில் மயங்கி நானும் திரும்பக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் வேலை. அது என் குற்றம், நானே வந்து சொல்வேன்.

இப்போது கேட்கிறேன், மக்கா. கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

எட்சன்

*

தக்கலை
12 அக்டோபர் 2025

அண்ணா,

தலையில் வாழ்த்து வரி இந்தத் தடவையும் இல்லை. காரணம் கோபம் அல்ல.

கதவு கல்யாண மண்டபத்துப் பக்கம் திறக்கும்.

முதலில் அப்படி இல்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி பந்திப் பக்கம்தான் திறந்துகொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் கூட்டம் தள்ளிய தள்ளில் கொண்டி பிய்ந்து, சாம்பார் வாளியோடு நின்ற சகாயசெல்வியின் கால் வெந்தது. அதற்கு அடுத்த வாரம் ஆசாரியைக் கூப்பிட்டு நிலையையும் கீலையும் திருப்பிப் போட்டேன். என் யோசனைதான். கல்யாண மண்டபத்திலிருந்து கூட்டம் தள்ளத் தள்ளக் கதவு நிலையோடு இறுகும். கிருஷ்ணமணிக்கு முதுகுகூட வேண்டாம், பழக்கத்தில் சாய்வார். ஆசாரி என்னைப் பார்த்து, "நல்ல மூளை" என்றார். நான் அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அலறல் கேட்டதும் கிருஷ்ணமணி கொண்டியை எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். மறுபக்கம் முந்நூறு பேர். அவர் தள்ளியது நாகம்மையின் முதுகில். அவருக்கு அது தெரியும். கதவில் யாராவது ஏதாவது மாற்றினார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "பழைய கதவு, எனக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அவர் பெயரைச் சொன்ன அதே நாளில் சொல்லியிருக்கிறார்.

நாளைக்குக் காலை பத்து மணிக்கு எல்லாக் கடிதங்களையும் கொடுக்கிறேன். இதையும் சேர்த்துத்தான். உங்களுக்கு வருவது நகல். அங்கிருந்து நேராக சுனிதா வீட்டுக்குப் போவேன், போக விட்டால்.

நீங்கள் கேள்வி கேட்டதும் நான் பதில் எழுதாததும் நாளைக்கு எல்லோருக்கும் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், நம்புவார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறக்கவில்லை, அண்ணா. ஜூலை இரண்டாம் தேதி அந்தக் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். பதில் எழுதினால் கதவைத் திருப்பிப் போடச் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் விட்டேன்.

பிளஸ்ஸி